சிவப்புத் துணி கட்டிய கதவு

ஜனவரி 9

என் அருமை ஒட்டடைக்கம்புக்கு,

இங்கே ரெண்டு பேரும் சௌக்கியம். அங்கே நீ எப்படி? வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்ல ஃபேனைப் போட்டா ஆடற கதிதான் இன்னுமா?

வீடு வாங்கிட்டோம்டி! சொந்த வீடு! காலைல எழுந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். இந்தச் சுவர்ல நான் ஆணி அடிச்சா எந்த வீட்டுக்காரரும் வந்து "ஏம்மா அடிச்சே"ன்னு கேக்க முடியாது. கேக்க ஆள் இல்லைன்னு ஆனதும் எங்கே அடிக்கறதுன்னே தெரியலை, அது வேற விஷயம்.

பழைய வீடுதான். ஹால், ரெண்டு ரூம், சமையலறை, மேலே மொட்டைமாடி. முன்னாடி இருந்தவர் ஃபோட்டோகிராஃபராம். சின்ன ரூம்ல சுவர், கூரை, ஜன்னல் கண்ணாடி ஒண்ணு விடாம கன்னங்கரேல்னு பெயின்ட் அடிச்சு வெச்சு, அதுக்குள்ளதான் படம் கழுவுவாராம். லைட்டைப் போட்டாலும் இருட்டா இருக்கற ரூமை நீ பாத்திருக்கியா? நாங்க வாங்கியிருக்கோம்.

இதையெல்லாம் ஃபோன்ல சொல்லியிருப்பேன். ஆனா நான் ஃபோனைத் தொட்டாலே உன் அண்ணன் பக்கத்துல வந்து நின்னுக்கறார். சொல்லப் போறதோ அவரைப் பத்தி. பணிமனைல அவர் வேலை உனக்குத் தெரியுமே, பஸ்ல கோளாறு இருந்தா ஸ்டியரிங்ல ஒரு சிவப்புத் துணியைக் கட்டிடுவார். சரி பண்ணி அவர் கையால அவிழ்த்தாத்தான் வண்டி வெளியே போகும். அதே மனுஷன், சாவி கைக்கு வந்த அன்னிக்கு ஒரு கட்டு சிவப்புத் துணியோட வீட்டுக்குள்ள நுழைஞ்சார். ஒழுகற குழாய்க்கு ஒண்ணு, ஆடற ஸ்விட்ச் போர்டுக்கு ஒண்ணு, மூடாத ஜன்னலுக்கு ஒண்ணு. நான் மாடியைப் பாத்துட்டு இறங்கி வர்றதுக்குள்ள வீடு ஏதோ கட்சி ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு.

"என்னங்க இது கூத்து?"ன்னேன்.

"வீடு ஃபிட் ஆகட்டும். கடைசித் துணி அவிழ்ந்ததும் பாப்பா"ன்னார்.

அடியே, அவர் வாயாலயே சொன்னார்! கல்யாணமான நாள்லேர்ந்து "பாக்கலாம், பாக்கலாம்"னே ஓட்டின மனுஷன். வாடகை வீட்ல எதுக்கு, சொந்த வீடு வரட்டும்னு இழுத்த மனுஷன். நான் கையை நீட்டினேன், குலுக்கினார். இனிமே பேச்சு மாற முடியாது. அதனால, ஹார்டுவேர் கடைல காலம் தள்ளற என் நாத்தனாரே, உன்கிட்ட இருக்கற வித்தையை எல்லாம் எடுத்து விடு. எனக்குப் பாப்பா வேணும். சீக்கிரம் வேணும்.

பதிலை எதிர்பார்த்து வாசல்லயே நிக்கும்,
உன் அண்ணி, அதுக்கு முன்னாடி அதே கடைல பில் கவுன்டர்ல உன் பக்கத்து சீட்டு,
அவசரக்குடுக்கை


ஜனவரி 21

சொந்த வீட்டுக்கார அம்மாவுக்கு,

கொஞ்சம் இருமல், மத்தபடி குச்சி நலம். நல்லாத்தான் சாப்பிடறேன், எங்கே போகுதுன்னு தெரியலை. உங்க ரெண்டு பேர் உடம்பும் எப்படி இருக்கு? உன் கடிதத்தை ஸ்டோர் ரூம்ல நின்னு படிச்சுத் தனியாச் சிரிச்சதுல, சூப்பர்வைசர் எட்டிப் பாத்துட்டுப் போனார். புது இடம் வேற, என்னைப் பத்தி என்ன நினைச்சாரோ.

என் அண்ணனை உன் தலையில கட்டினது நான்தான். அந்தப் பாவத்துக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கேன். வாஷர், டேப், கீல், ஸ்க்ரூ எல்லாம் இருக்கு.

இப்போ நான் சொல்றதைக் கேளு. முதல்ல அந்தப் பெயின்ட் டப்பாவைக் கீழே வை. கையில வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். ஓதம் அடிச்ச சுவர் மேல பெயின்ட் அடிச்சா அழுக்கு மூஞ்சில பவுடர் போட்ட மாதிரிதான், அப்படியே உரிஞ்சு வந்துடும். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடி. எல்லாக் குழாயையும் மூடிட்டுப் போய் மீட்டரைப் பாரு, முள்ளு ஓடிக்கிட்டே இருந்தா எங்கேயோ ஒழுகுது. ஃபிளஷ் டேங்க்ல கொஞ்சம் சொட்டு நீலத்தைக் கரைச்சு விடு. யாரும் தொடாமலே கீழே நீலம் இறங்கினா உள்ள வாஷர் போச்சுன்னு அர்த்தம். கீல்ல ஸ்க்ரூ பிடிக்காம சுத்துதுன்னா ஓட்டைக்குள்ள தீக்குச்சியைப் பசை தடவித் திணி, காய்ஞ்சப்புறம் முறுக்கு. அந்தக் கறுப்பு ரூமுக்கு நேரா வெள்ளை அடிச்சே, உனக்குச் சாம்பல் ரூம்தான் கிடைக்கும். சுரண்டு, உப்புத்தாள் போடு, பிரைமர் அடி, அப்புறம்தான் கலர்.

மெயினை அணைக்காம கரண்ட் வேலைல கை வெச்சிடாதே. உனக்கு ஏதாவது ஆனா நான் இன்னொரு அண்ணி தேடணும், எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்லை.

பாப்பா சேதி படிச்சு எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியலை. ஒண்ணே ஒண்ணு. கதவு வேலை எதையும் நீ தொடாதே. அதை அண்ணன்கிட்ட விட்டுடு.

கை ஜாக்கிரதை, கால் ஜாக்கிரதை, வாய் எப்பவும் போல.
ஒட்டடைக்கம்பு


பிப்ரவரி 16

அன்புக் குச்சிக்கு,

நலம், நலம், நலம்! கையில ரெண்டு கொப்புளம், முழங்கால்ல ஒரு சிராய்ப்பு, மத்தபடி அமோகம். உனக்கு அந்த இருமல் போச்சா?

பார்சல் வந்த அன்னிக்கே சமையலறைக் குழாயைக் கழட்டிட்டேன். "வால்வை மூடிட்டுத்தான் கழட்டணும்"னு நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மூடிட்டுத்தான் கழட்டினேன். தண்ணி சீறிக்கிட்டுக் கூரைக்குப் போச்சுடி! நான் உள்ளங்கையால அமுக்கிக்கிட்டு "ஐயோ ஐயோ"ன்னு நிக்கறேன். அதே நேரத்துல வாசல்ல பக்கத்து வீட்டு டெய்லரம்மா, தலை முழுக்க சோப்பு நுரையோட, துண்டைச் சுத்திக்கிட்டு, "ஏம்மா, எங்க வீட்டுத் தண்ணியை என்ன பண்ணே?"ங்கறாங்க. நான் மூடினது அவங்க வால்வு. கண்ணெரிச்சல்லயும் அவங்கதான் எங்க வால்வைத் தேடி மூடினாங்க. அப்புறம் எங்க வீட்டு வாளித் தண்ணியிலயே தலையை அலசிட்டுப் போனாங்க. இப்போ நாங்க உயிர்த் தோழிகள்.

நீலம் இறங்குச்சு! வாஷர் மாத்திட்டேன். மீட்டர் முள்ளு இப்போ சமத்தா நிக்குது. மொட்டைமாடி விரிசலை ரெண்டு பேருமா சுத்தம் பண்ணிப் பூசினோம். தண்ணி ஊத்திப் பாத்தார், ஒரு சொட்டு இறங்கலை. அந்தத் துணியை அவிழ்க்கறப்ப நான் கை தட்டினேன், எதிர் வீட்டு மாடிலேர்ந்து யாரோ சேர்ந்து தட்டினாங்க.

கறுப்பு ரூமைச் சுரண்டச் சுரண்ட கறுப்பாத்தான் தும்மறேன். பரவாயில்லை. அங்கே மஞ்சள் அடிக்கணும்னு அவர், பச்சைதான்னு நான், சண்டை போயிக்கிட்டிருக்கு.

இதைக் கேளு. ஞாயித்துக்கிழமை உன் அண்ணன் திடீர்னு முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார். முதுகு பிடிச்சுக்கிச்சோன்னு பயந்து ஓடினேன். "பாப்பா கண்ணுக்கு வீடு இப்படித்தான் தெரியும். நின்னுக்கிட்டுப் பாத்தா எது ஆபத்துன்னு தெரியாது"ன்னார். தவழ்ந்துக்கிட்டே மேசை முனைக்கு ஒண்ணு, கீழே இருக்கற பிளக்குக்கு ஒண்ணு, சோப்புத்தூள் வெச்சிருக்கற அலமாரிக்கு ஒண்ணுன்னு கட்டிட்டே போனார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இவ்வளவு ஆசையை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தார்?

என்ன, நான் ஒண்ணு அவிழ்த்தா ரெண்டு முளைக்குது. ஆனாலும் ஜெயிக்கப் போறது நான்தான்.

சுண்ணாம்பும் கறுப்புமா வரிக்குதிரை ஆகியிருக்கும்,
அவசரக்குடுக்கை


மார்ச் 2

வரிக்குதிரைக்கு,

இருமல் போச்சு. டெய்லரம்மா கண் எரிச்சல் போச்சா?

மேசை முனைக்கு ரப்பர் மூடி, பிளக்குக்கு மூடி, அலமாரிக்குக் கொக்கி அனுப்பியிருக்கேன். உயரமான அலமாரியை எல்லாம் சுவரோட சேர்த்து ஸ்க்ரூ போட்டுடு, பிள்ளைங்க ஏணின்னு நினைச்சு ஏறும். பச்சை வேண்டாம், மஞ்சளே அடி. சண்டையில நான் அண்ணன் கட்சி.

அவன் தவழ்ந்ததைப் படிச்சு எனக்கு ஆச்சரியமே இல்லை. சின்ன வயசுல என்னை இடுப்புல வெச்சுக்கிட்டேதான் விளையாடவே போவானாம். கீழே விட மாட்டானாம். பெரியம்மா சொல்லுவாங்க.

அவனை ரொம்ப அவசரப்படுத்தாதே.

உன் நலம் நாடும்,
ஒட்டடைக்கம்பு


மார்ச் 27

ஒட்டடைக்கம்புக்கு,

உடம்பு நலம். மனசு நல்லா இல்லை. நீ எப்படி இருக்கேன்னு கேட்டுட்டேன், பதில் அப்புறம் சொல்லு, முதல்ல நான் கொட்டிடறேன்.

எல்லாத் துணியும் அவிழ்ந்தாச்சுடி! குழாய், மாடி, போர்டு, ஜன்னல், அலமாரி எல்லாம். சின்ன ரூம் மஞ்சளா மின்னுது. நான் பூரிச்சுப் போய் உக்காந்திருந்தேன். சாயங்காலம் பாத்தா எங்க படுக்கையறைக் கதவுல புதுசா ஒரு துணி.

கதவுக்கு என்னங்கன்னு கேட்டேன். "பிடிக்குது"ங்கறார். பிடிக்கலை! வெண்ணெய் மாதிரி திறக்குது, சுண்டு விரலால தள்ளினேன். அவர் இழைச்சார். மறுநாள் மறுபடியும் இழைச்சார். கீல் மாத்தினார், எண்ணெய் விட்டார், தாழ்ப்பாளையே கழட்டிப் போட்டார். இப்போ கீழே இடைவெளி வழியா ஒரு பூனை வந்து போகலாம். ஆனா துணி மட்டும் அவிழலை. தினமும் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அங்கே நின்னு திறக்கறார், மூடறார், திறக்கறார், மூடறார். "மழைக்காலம் வரட்டும், அப்பப் பாக்கலாம்"ங்கறார்.

நீ கதவைத் தொடாதேன்னு எழுதினே. உனக்கு ஏதோ தெரியும். சுத்தி வளைக்காம சொல்லு, இவருக்கு என் மூலமா ஒரு குழந்தை வேண்டாமா? என்னைப் பிடிக்கலையா? பஸ்ஸுக்கு ஒரு சட்டம், பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா? எனக்கு அழுகையா வருது. சுத்தியலை எடுத்து அந்தக் கதவை ரெண்டு போடலாம்னு ஆத்திரமாவும் வருது.

உடனே பதில் போடு. உடனே.
உன் அண்ணி


மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. நீ அதுக்கப்புறம் போட்ட கடிதமும், "இருக்கியா செத்தியா"ன்னு போட்ட கார்டும் வந்துச்சு. இருக்கேன். எழுத உக்காருவேன், ரெண்டு வரி எழுதுவேன், கிழிப்பேன். இதையும் கிழிக்கறதுக்கு முன்னாடி போஸ்ட் பண்ணிடணும்.

எங்க அம்மா காய்ச்சல்ல போனாங்கன்னு உன்கிட்ட சொல்லியிருக்கேன். அது பொய். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வோம். அம்மா போனது நான் பிறந்த அன்னிக்கு.

அண்ணனுக்கு அப்போ ஏழு வயசு. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பேய் மழை. நாள் இன்னும் இருக்குன்னு நினைச்சிருந்தாங்க, அம்மாவுக்குத் திடீர்னு வலி வந்துடுச்சு. "பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வாடா"ன்னிருக்காங்க. ரூம் கதவு திறக்கலை. மழைக்கு மரம் ஊறி நிலையோட இறுகிப் போச்சு. அதை இழைக்கணும், இந்த ஞாயித்துக்கிழமை இழைச்சுடறேன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாராம். அண்ணன் இழுத்தான், உதைச்சான், ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினான். மழைச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. மழை விட்டு, ஆளுங்க வந்து கதவை உடைச்சப்ப, அவன் பள்ளிக்கூடச் சட்டையில என்னைச் சுத்தி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தானாம். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டாங்க.

இதெல்லாம் எங்களை வளர்த்த பெரியம்மா சொன்னது. அண்ணன் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவனுக்குக் குழந்தை வேண்டாம்னு இல்லைடி. உன்னைப் பிடிக்காமலும் இல்லை. அவனுக்குப் பயம். நீ அந்த ரூம்ல வலியோட படுத்திருக்கறதும் கதவு திறக்காம நிக்கறதும்தான் அவன் கண்ணுல ஓடும். எவ்வளவு இழைச்சாலும் அந்தக் கதவு அவனுக்கு ஃபிட் ஆகாது.

நான் சொன்னேன்னு காட்டிக்காதே. உன்னை அழ வெச்சதுக்கு என்னை நாலு திட்டு திட்டிடு.

உன்
ஒட்டடைக்கம்பு


ஜூன் 5

என் தங்கமே,

நாங்க நலம். நீ நலமா? நிஜமாக் கேக்கறேன், நலமா?

உன் கடிதத்தைப் படிச்சு அழுதேன். நல்லா அழுது மூக்கைச் சிந்திட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கதவைக் கழட்டிட்டேன்!

ஆமாண்டி, மொத்தக் கதவையும். கீழே கட்டை கொடுத்துட்டுத்தான் கழட்டணுமாம், எனக்கு யார் சொன்னா? மேல் கீலை எடுத்ததும் கதவு அப்படியே என் மேல சாஞ்சுடுச்சு. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு டான்ஸ் ஆடற மாதிரி நின்னு "டெய்லரம்மா!"ன்னு கத்தினேன். அவங்க வாயில குண்டூசியோட ஓடி வந்தாங்க. ரெண்டு பேருமா முக்கி முனகி மொட்டைமாடிக்கு ஏத்திட்டோம். "ஏம்மா, புருஷன் பொண்டாட்டி ரூமுக்குக் கதவு இல்லைன்னா எப்படி?"ன்னாங்க. திரை தைச்சுக் குடுங்கன்னேன். சிரிச்சுக்கிட்டே அளவெடுத்தாங்க.

சாயங்காலம் இவர் வந்தார். வெளியே தூறல். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தவர் அப்படியே நின்னுட்டார்.

"கதவு எங்கே?"

"மாடில."

"ஏன்?"

"இல்லாத கதவு எப்படிங்க பிடிக்கும்?"

அந்த வாசல் வழியா உள்ள போனார், வெளியே வந்தார். மறுபடியும் உள்ள போனார். அப்புறம் அங்கேயே தரையில உக்காந்துட்டார். நானும் பக்கத்துல உக்காந்தேன். நான் எதுவுமே கேக்கலை, சத்தியமா. அவரே சொன்னார். கதவைப் பத்திச் சொன்னார், மழையைப் பத்திச் சொன்னார். சொல்லி முடிக்கறதுக்குள்ள தேம்பித் தேம்பி அழுதுட்டார். இவ்வளவு பெரிய உடம்பு அழுதா எப்படிக் குலுங்கும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

"எந்தக் கதவு வேணாலும் சொல்லுங்க, கழட்டறேன். வாசக் கதவைக்கூட"ன்னேன்.

"வாசக் கதவு இருக்கட்டும், திருடன் வருவான்"ன்னார். அழுதுக்கிட்டே ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சரி"ன்னார். எனக்கு அது போதும்டி! அந்தச் சிவப்புத் துணியில நான் இப்போ அடுப்பு மேடை துடைக்கறேன்.

கால் கட்டை விரல் வீங்கினாலும் பறந்துக்கிட்டிருக்கும்,
அவசரக்குடுக்கை


ஆகஸ்ட் 27

அத்தைக்கு,

புரிஞ்சுதா? இன்னொரு தடவை படி. அத்தைக்கு!

ஆமா! ஆமா! ஆமா! டாக்டரம்மா உறுதியாச் சொல்லிட்டாங்க. ஏப்ரல்லன்னு கணக்கு. நான் நலம், வாந்தி நலம், பெயின்ட் வாசனையை நினைச்சாலே குமட்டுது, நல்லவேளை முன்னாடியே அடிச்சு முடிச்சோம். நீ எப்படி இருக்கே? துள்ளிக் குதிச்சியா? எந்த ரேக்ல முட்டிக்கிட்டே?

உன் அண்ணனைப் பாக்கணுமே. சேதி கேட்டதும் வெளுத்துப் போனார், தண்ணி குடிச்சார், அப்புறம் என்னைத் தூக்கப் போய், டாக்டரம்மா அதட்டி, இறக்கி விட்டார். அன்னிலேர்ந்து ஆயத்தம்தான். ஆஸ்பத்திரிக்கு எந்த வழி சீக்கிரம்னு மூணு வழியில வண்டி ஓட்டிப் பாத்துட்டார். ஒரு வழியில பள்ளம், ஒரு வழியில ரயில்வே கேட், அதெல்லாம் தள்ளுபடி. வீட்டுச் சாவி ஒண்ணு டெய்லரம்மாகிட்ட, ஒண்ணு எதிர் வீட்டு டாக்சிக்காரர்கிட்ட. ஃபோன் நம்பரை எல்லாம் ஹால் சுவர்லயே பெரிசாப் பெயின்ட்ல எழுதிட்டார். என் பை இப்பவே ரெடியா வாசல்ல நிக்குது, போறவங்க வர்றவங்க எல்லாம் நான் கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போறேன்னு நினைக்கறாங்க.

குழந்தை ஒண்ணு போதும்னு அவர், ரெண்டுன்னு நான். ரெண்டாவதைப் பத்தி நாலு வருஷம் கழிச்சுப் பேசலாம்னு டாக்டரம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க.

எல்லாம் இருக்கு, ஒண்ணுதான் குறை. ஏப்ரல்ல நீ என் பக்கத்துல இருக்கணும். எனக்கு அம்மா வீட்டுப் பக்கம் வர ஆள் இல்லைன்னு உனக்குத் தெரியும். மஞ்சள் ரூம்ல உனக்குக் கட்டில் போட்டாச்சு, உன் நீளத்துக்கு ஒரு முக்காலியும் சேர்த்துப் போட்டாச்சு. இப்பவே லீவு எழுதிக் குடு.

ரெட்டை ஆளா எழுதும்,
அவசரமும் குட்டி அவசரமும்


செப்டம்பர் 18

என் செல்ல அண்ணிக்கு,

நலம். வாந்தி குறைஞ்சுதா? ரொம்ப ஏறி இறங்காதே, மாடி இருக்கற இடத்துலயே இருக்கும்.

கடை நடுவுல "ஐ!"ன்னு கத்திட்டேன். கீல் வாங்க வந்தவர் பயந்து போய் வாங்காமலே போயிட்டார். அப்படி ஒரு சந்தோஷம்! உன் பை பக்கத்துல ஒரு டார்ச்சும் வை. பாத்ரூம் தரை வழுக்குதான்னு சோப்புத் தண்ணி விட்டுப் பாரு, கைப்பிடி ஒண்ணு அனுப்பறேன், டைல்ஸ் இடுக்குல துளை போடச் சொல்லு. மருந்தெல்லாம் மேல் தட்டுக்குப் போகட்டும்.

ஏப்ரல்ல இங்கே சரக்கு கணக்கெடுப்பு. லீவு கேட்டா தர மாட்டாங்க. பின்னாடி ஒரு நாள் வர்றேன், குழந்தை நல்லா வளர்ந்தப்புறம்.

முத்தங்களுடன்,
ஒட்டடைக்கம்பு


ஜனவரி 20

ஏய் ஒட்டடைக்கம்பு,

நான் நலம். உள்ள இருக்கறது உதைக்குது, அதுவும் நலம். உன் நலத்தைப் பத்திக் கேக்கப் போறதில்லை, கோபம்.

கைப்பிடி வந்துச்சு, ரப்பர் விரிப்பு வந்துச்சு, டார்ச் வந்துச்சு. சாமான் எல்லாம் வருது, ஆள் மட்டும் வரலை. கணக்கெடுப்புன்னு என்கிட்டயே கதை விடறியே! நானும் அந்தக் கம்பெனில குப்பை கொட்டினவதான். ஆணி எண்ணறதுக்கு நீ ஒருத்திதானா இருக்கே?

எனக்கு மெதுவாத்தான் புரிஞ்சுது. நாங்க வீடு பாக்க ஆரம்பிச்ச நேரத்துலதான் நீ அவ்வளவு தூரத்துக் கிளைக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போனே. கல்யாணத்துக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, உன் பிறந்தநாள் அன்னிக்கு உன் அண்ணன் வீட்ல இருந்து நான் பாத்ததில்லை. நீ ஒரு தடவைகூட அதைப் பத்திக் கேட்டும் நான் பாத்ததில்லை. அவர் உன்னைப் பாத்தா அந்தக் கதவுதான் ஞாபகம் வரும்னு நினைக்கறியா? அதான் ஒதுங்கி ஒதுங்கிப் போறியா?

அவர்கிட்ட நான் கேக்கட்டுமா? நீ சரின்னு சொன்னாப் போதும். உன்னை நான் விடறதா இல்லை.

வயிறு முன்னே, நான் பின்னே,
உன் அண்ணி


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

நலமா இரு. அதுதான் எனக்கு வேணும்.

அவன்கிட்ட எதுவும் கேக்காதே. எங்க வீட்ல ஒரு பிரசவத்துல நான் இருந்தேன், அது போதும். உன்னோடது நல்லபடியா நடக்கட்டும். நான் தூரத்துல இருந்தா அவனுக்கும் நிம்மதி. குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதச் சொல்லு. ஃபோன் வேண்டாம், அந்த மணி அடிச்சாலே என்ன சேதியோன்னு இருக்கு.

கோவிச்சுக்காதே. தினமும் உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.
ஒட்டடைக்கம்பு


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

நாங்க நலம். நீ நலமா? இவ நலம். பாப்பா நலம். பொண்ணு. நேத்து மத்தியானம் பிறந்தா. ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, டாக்டரம்மாவை மூணு தடவை கேட்டுட்டேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கோளாறு ரிப்போர்ட்தான் எழுதுவேன். அதனால முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோ. ஃபோன் வேண்டாம்னு சொன்னியாம். எனக்கும் இதை வாயால சொல்ல வராது.

ஆஸ்பத்திரிக்கு நேரத்தோட வந்துட்டோம். பிரசவ ரூம் கதவு ரெண்டு பக்கமும் திறக்கற கதவு. தள்ளிப் பாத்தேன், நல்லா இருக்கு. நர்ஸம்மா முறைச்சாங்க. ஆனா ஓரமா நிக்க விட்டாங்க. இவ என் கையைப் பிடிச்சிருந்த பிடியில விரல் இன்னும் மடங்கலை. பேனாவைக் கோணலாப் பிடிச்சுக்கிட்டுத்தான் இதை எழுதறேன். அந்த வலியிலயும் என்னைத் திட்டினா, டாக்டரம்மாவைத் திட்டினா, வராததுக்கு உன்னையும் திட்டினா. பாப்பா அழுத சத்தம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நிக்கவே இல்லை. பணிமனை ஆளுங்க பாத்திருந்தா நம்பியிருக்க மாட்டாங்க.

நீ வராதது ஏன்னு இவ என்கிட்ட சொல்லலை. சொல்லாமலே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம இருந்தேன். இப்போ தெரியும்.

பாப்பாவைத் துடைச்சு இவ பக்கத்துல படுக்க வெச்சாங்க. இவ திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையைப் பாத்ததும் சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். ஏன்னா அந்தப் பார்வையை நான் முன்னாடியே ஒரு தடவை பாத்திருக்கேன்.

அன்னிக்கு உன்னைச் சட்டையில சுத்தி வெச்சுக்கிட்டு நான் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். "கதவு கிடக்கட்டும்டா, அவளை இங்கே கொண்டா"ன்னாங்க அம்மா. கொண்டு போனேன். வாங்கி மார்மேல போட்டுக்கிட்டாங்க. இவ பாத்த மாதிரியேதான் பாத்தாங்க. உன் கையைப் பிரிச்சு விரலைத் தடவினாங்க. "அழகா இருக்கால்லடா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் ஆமான்னேன். சிரிச்சாங்க. அவங்க கை தளர்ந்தப்புறம்தான் உன்னை மறுபடியும் என் மடிக்கு வாங்கிக்கிட்டேன்.

இத்தனை வருஷம் இது எனக்கு ஞாபகமே வரலை. கதவு மட்டும்தான் இருந்துச்சு. உன் பிறந்தநாளுக்கெல்லாம் நான் டியூட்டி போட்டுக்கிட்டு ஓடினது உன்மேல கோபத்துல இல்லை. நீ அம்மாவைப் பத்திக் கேட்டுட்டா, உனக்குக் குடுக்க என்கிட்ட அந்தக் கதவைத் தவிர ஒண்ணும் இல்லைன்னுதான்.

அம்மா உன்னைப் பாக்காமலே போயிட்டாங்கன்னு பெரியம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. உன்கிட்டயும் சொல்லியிருப்பாங்க. அவங்க அந்த ரூம்ல இல்லை. நான் இருந்தேன். அம்மா உன்னைப் பாத்தாங்க. ரொம்ப நேரம், கண்ணெடுக்காம பாத்தாங்க.

கிளம்பி வாம்மா.

உன்
அண்ணன்